ஸ்ப்ளெண்டருக்கு அகல டயர் போட்டா கரிசல்ல ஓடுமா? தராசு கட்டி இழுத்துப் பாத்தது

இந்த ஐப்பசி மழையில நம்ம பழைய ஸ்ப்ளெண்டர் தார் ரோட்டுல இருந்து எங்க வெள்ளாமைக் காடு வரைக்கும் தள்ளாம போய் தள்ளாம திரும்பியும் வந்துடுச்சு. இதுக்காக வாங்கின ஒரு டயர் மாட்டுத் தொழுவுல தொங்குது, இன்னொன்னு வண்டியில ஓடுது, ஆனா பாதி வேலைக்கு மேல பாத்தது வெல்டிங் பட்டறையில அடிச்சு வாங்குன 220 ரூவா இரும்புப் பட்டை ரெண்டு தான். எங்க ஊர் விளாத்திகுளம் பக்கம், சுத்தக் கரிசல், இங்க வண்டி சிக்குச்சுன்னா எல்லார் வாயில இருந்தும் வர்ற முதல் வார்த்தை "டயரை பிராடா (அகலமா) மாத்து"ன்னு தான். அதனால அளந்து பாத்ததை வரிசையா எழுதி வைக்கிறேன், யாருக்காச்சும் ஒரு டயர் காசு மிஞ்சினா சரி.

பிரச்சினை என்னன்னா, ரோட்டுல இருந்து காட்டுக்கு வண்டிப்பாதை, மழை பெஞ்ச மறுநாள் மேல ரெண்டு இஞ்ச் பசை மாதிரி ஆயிடும். பாதி தூரம் போனதும் பின் சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நகராது. வண்டியில கம்பெனி சைஸ் 2.75-18 (அகலம் 2.75 இஞ்ச், ரிம் 18 இஞ்ச்) கிடந்துச்சு, பட்டன் (தரையைப் பிடிக்கிற மேடு) தேஞ்சும் போயிருந்துச்சு. டயர் கடை அண்ணாச்சி கிட்ட போனேன், "தம்பி, 100/90-18 ஒண்ணு லேசா ஓடுனது கிடக்கு, 900 ரூவா குடுங்க, மாட்டிப் பாருங்க, அட்டை மாதிரி ஒட்டும்"னாரு. 100ங்கறது மிமீல அகலம். மாட்டுக்கூலி 150.

மாட்டுறதுக்கு முன்னாடி ரிம்மை வெர்னியர் வெச்சு உள் அகலம் அளந்தேன், 41 மிமீ கிட்ட வந்துச்சு, அதாவது 1.60 இஞ்ச் ரிம். 100/90 டயருக்கு 2.15 ஆச்சும் வேணும். ஒடுக்கமான ரிம்முல அகல டயரை ஏத்தினா சைடு ரெண்டும் உள்ள இழுத்துக்கிட்டு நடு மட்டும் உருண்டையா தூக்கிக்கும், வெளிய இருந்து பாக்க கொழுத்து தெரியும், தரையில படுறது நடுவுல ஒரு பட்டை தான். அண்ணாச்சி "அதெல்லாம் எல்லாரும் ஓட்டுறாங்க"ன்னாரு, ஓட்டுறாங்க தான், நானும் சரின்னு மாட்டிட்டேன்.

மாட்டுனதும் ரெண்டு விஷயம். செயின் கவர் உள்பக்கம் உரசிச்சு, கவரை லேசா வெளிய வளைச்சு விட்டேன். அப்புறம் பின் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல இருந்த இடைவெளி 30 மிமீ, அது 15 ஆயிடுச்சு, ஏன்னா டயர் அகலமா மட்டும் இல்ல, உயரமாவும் இருக்கு. சக்கரத்தோட மொத்த விட்டம் 60.5 செமீ இருந்தது 63.5 ஆச்சு, அதாவது 5 சதவீதம் பெருசு, அந்த அளவுக்கு ஃபர்ஸ்ட் கியர்ல இழுவையும் கொறைஞ்சு போச்சு. ஸ்ப்ளெண்டர்ல ஸ்பீடோ கேபிள் முன் சக்கரத்துல இருந்து வர்றதால மீட்டர்ல இது எதுவும் தெரியாது, கிளட்ச் தேயும்போது தான் தெரியும்.

அடுத்த மழைக்கு எடுத்துட்டுப் போனா பழைய டயர் போன தூரம் கூட போகல. மட்கார்டுக்குள்ள மண்ணு அப்பி சக்கரமே இறுகிப் போச்சு. பனை மட்டையை ஒடிச்சு மண்ணை நோண்டி எடுத்துட்டு தள்ளிக்கிட்டு வந்தேன். அப்போ தான் சொல்றவன் பேச்சைக் கேக்குறதை விட்டுட்டு, வண்டியை தராசுல கட்டி இழுத்து டயர் எத்தனை கிலோ பிடிக்குதுன்னு அளந்து பாத்துடுவோம்னு தோணுச்சு.

தராசு முதல்ல வீட்டுல கிடந்த பெட்டி எடை பாக்குற சின்னது, 50 கிலோ வரைக்கும். ரெண்டாவது இழுப்புலயே ஓவர்லோடுன்னு காட்டி அணைஞ்சுடுச்சு. வத்தல் கமிஷன் கடையில மூட்டை எடை போடுற தொங்கு தராசு ஒண்ணு, 300 கிலோ வரைக்கும், 100 கிராம் வரைக்கும் காட்டும், மச்சினனோட சிநேகிதக்காரன் கடைங்கறதால ஞாயித்துக்கிழமை மட்டும் குடுத்தாங்க. இழுக்க டிராக்டர் பட்டறையில இருந்து கை வின்ச் (கையால சுத்தி கயிறை இழுக்குற கருவி), ஒரு 10 மிமீ நைலான் கயிறு. எடைக்கு வீட்டு பாத்ரூம் தராசு, முன் சக்கரத்துக்கு அடியில அதே உயரத்துக்கு பலகை வெச்சு பின் சக்கரத்தை தராசு மேல நிறுத்தினா வண்டி மட்டும் 57 கிலோ, நான் (72 கிலோ) ஏறி உக்காந்தா 110 கிட்ட.

பின் பிரேக்கை மிதிச்ச நிலையில பழைய டியூப் வெட்டின ரப்பரால கட்டி சக்கரம் சுத்தாம பண்ணிட்டு, வண்டியை மச்சினன் சாயாம பிடிச்சுக்க, பின்னாடி வேப்பமரத்துல வின்ச்சைக் கட்டி மெதுவா இழுக்கணும். டயர் வழுக்க ஆரம்பிச்சப்புறம் ஒரே சீரா என்ன காட்டுதோ அதை எழுதிக்கணும், முதல் வெடுக்குன்னு வர்றதை விட்டுடணும். கயிறை எங்க கட்டுறோம்ங்கறதுல தான் எல்லாமே இருக்கு. முதல்ல சுலபமா இருக்கேன்னு பின் கேரியர்ல கட்டினோம், 80 கிலோவுக்கு மேல காட்டுது. சக்கரத்து மேல இருக்கறதே 57 கிலோ, உராய்வு அதை விட ஜாஸ்தியா, தார் ரோட்டுலயா? மச்சினன் "அத்தான், இந்த டயரை ரேஸுக்கு அனுப்பலாம்"னான். உயரத்துல பிடிச்சு பின்னாடி இழுத்தா முன் சக்கரம் லேசாகி பின் சக்கரம் தரையில அமுங்குது, அதான் சங்கதி. அப்புறம் மெயின் ஸ்டாண்டு மாட்டியிருக்கற சட்டத்துல, தரையில இருந்து ஒரு சாண் உயரத்துல கட்டினோம், வின்ச்சையும் மரத்துல அதே உயரத்துக்கு இறக்கினோம். இப்பவும் நிஜத்தை விட கொஞ்சம் கூடத்தான் காட்டும், ஆனா எல்லா டயருக்கும் கிட்டத்தட்ட அதே மாதிரி கூடுறதால ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடலாம்.

இதுக்குள்ள புது 3.00-18 ஒண்ணு வாங்கிட்டேன், டியூபோட 2,150. 1.60 ரிம்முக்கு இந்த சைஸ் பொருந்தும். ஒப்பிட நியாயமா இருக்கணும்ல, அதனால அதே கம்பெனி அதே பட்டன்ல புது 2.75 ஒண்ணை அண்ணாச்சி கிட்டயே ஒரு நாளைக்கு கேட்டு வாங்கினேன், ரோட்டுல ஓட்டாம இழுக்க மட்டும் தான்னு சத்தியம் பண்ண வேண்டியதாப் போச்சு. எல்லாத்துலயும் காத்து 28 பிஎஸ்ஐ, அளவு பாக்க தனியா 350 ரூவாய்க்கு ஒரு கேஜ், ஏன்னா பங்க்கு மீட்டர் ஒண்ணுக்கொண்ணு 4, 5 வித்தியாசம் காட்டுது.

காஞ்ச தார் ரோடு: புது 2.75 கிட்டத்தட்ட 47, 48 கிலோ. புது 3.00 அதே 48 தான், சில இழுப்புல 49. தேஞ்ச பழைய 2.75 வெறும் 41. அந்த 100/90 அகல டயர் 44. அதாவது இருக்கறதுலயே ஒல்லியான புது டயர் இருக்கறதுலயே கொழுத்த டயரை ஜெயிச்சுடுச்சு. காரணம் ரப்பர். ரப்பர் கெட்டி பாக்குற மீட்டர் ஒண்ணு ஆன்லைன்ல 1,200 ரூவாய்க்கு வாங்கினேன் (அதிகப்படி தான், வீட்டுல இன்னும் விலை சொல்லல), ஊசியை அமுக்கினா நம்பர் காட்டும். புதுசு ரெண்டும் 62, அகல டயர் 73, பழசு 78. மீட்டர் இல்லாதவங்க கட்டை விரல் நகத்தை பட்டன் மேல அழுத்திப் பாத்தாலே போதும், தழும்பு விழுந்து மறையணும். சைடுல டாட்ன்னு எழுதி முடியிற இடத்துல நாலு இலக்க நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். நம்ம அகல டயர்ல 1417, அதாவது 2017-ல 14-வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருந்துச்சு, ரப்பர் தான் காஞ்சு போயிருந்துச்சு, வாங்கும்போது பட்டனை மட்டும் பாத்தேன்.

தண்ணி ஊத்தின தார்ல எல்லாமே இறங்குச்சு, புதுசு ரெண்டும் 39, 40, பழசு 29. களத்து சிமெண்ட் தரையில கரிசலை கரைச்சு மெல்லிசா பூசி இழுத்தப்போ எந்த டயரா இருந்தாலும் 13, 14 தான், அங்க டயரும் தரையும் தொடவே இல்ல, நடுவுல இருக்கற கொழகொழப்பு தான் வழுக்குது.

இந்த இடத்துல மச்சினன் விடல. "அப்போ ஃபார்முலா ஒன்ல 2017-ல பின் டயரை 325 மிமீல இருந்து 405 ஆக்குனாங்களே, அவங்க என்ன வேலை இல்லாதவங்களா?" நியாயமான கேள்வி. உராய்வுக்கும் தொடுற பரப்புக்கும் சம்பந்தம் இல்லன்னு 1699-லயே அமான்டன்ஸ்ங்கற பிரெஞ்சுக்காரர் எழுதி வெச்சுட்டாரு, பள்ளிக்கூடத்துலயும் அதைத் தான் படிச்சோம், ஆனா ரப்பர் அதுக்கு முழுசா கட்டுப்படாது. அதையும் இழுத்தே பாத்தோம். 45 கிலோ யூரியா மூட்டையை பின் அச்சுக்கு நேர் மேல வர்ற மாதிரி கட்டினோம், பின் எடை 57-ல இருந்து 102. பாரம் எத்தனை மடங்கோ பிடிப்பும் அத்தனை மடங்குன்னா 3.00 டயர்ல 48 இருந்தது 86 ஆகணும். வந்தது 80. ரப்பர் மேல ஒரு சதுர செமீக்கு அழுத்தம் ஏற ஏற கிலோவுக்கு கிலோ கிடைக்கிற பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமா கொறையும், அந்த இழப்பை தடுக்கத் தான் ரேஸ் கார்ல பரப்பை கூட்டுறாங்க, கூடவே அவ்வளவு மெத்தையான ரப்பர் போட்டா ஒல்லி டயர் ரெண்டு ரவுண்டுல சூடேறி கரைஞ்சு போயிடும். நம்ம வண்டியில 57 கிலோவுக்கு இந்த நஷ்டம் கண்ணுக்கே தெரியல. இன்னொன்னு, யூரியா மூட்டை ஏத்தினதுல கிடைச்ச 32 கிலோ இழுவையை எந்த டயர் மாத்தியும் வாங்க முடியாது. சேத்துல சிக்கினா பின்னாடி தள்ளி உக்காருன்னு பெரியவங்க சொல்றது சும்மா இல்ல.

தொடுற பரப்பையும் எடுத்துட்டேன். பட்டன் மேல ஸ்டாம்ப் பேட் மையை துணியால தடவி, ரெண்டு பேர் வண்டியோட பின்பக்கத்தை தூக்க, அடியில அட்டையை வெச்சு நேரா இறக்கி, நான் ஏறி உக்காந்து இறங்கினேன். ஸ்டாண்டுல இருந்து இறக்கினா வண்டி முன்னாடி உருண்டு மை இழுகிடும், தூக்கித் தான் வைக்கணும். கிராஃப் பேப்பர் வெச்சு கட்டம் எண்ணினா, 2.75 டயர் நீளம் 12 செமீ அகலம் 5, பரப்பு 48 சதுர செமீ சுமார். 3.00 டயர் 11.2 நீளம் 5.6 அகலம், 49. அந்த 100/90 ஒடுக்க ரிம்முல 10.5-க்கு 5.7, 47 தான்! பரப்பை முடிவு பண்றது பெரும்பாலும் காத்து. 110 கிலோவை 28 பிஎஸ்ஐ, அதாவது சதுர செமீக்கு 1.97 கிலோவால வகுத்தா 56 வருது, சைடு சுவரே கொஞ்சம் பாரம் தாங்குறதால அதை விட கொறைவா விழுது. டயர் அகலமானா தடம் குட்டையாகி அகலமாகும், ஒல்லியானா நீளமாகும், மொத்தம் ஏறக்குறைய அதே. 3.00 டயர்ல காத்தை 18-க்கு இறக்கினதும் 13.6-க்கு 6.1, பரப்பு 65. காசே இல்லாம மூணுல ஒரு பங்கு கூடிடுச்சு.

இதை வெச்சுக்கிட்டு திருச்செந்தூர் பக்கம் ஒரு விசேஷத்துக்கு போனப்போ குதிரைமொழித் தேரியில இறக்கிப் பாத்தேன், செம்மணல், கால் வெச்சாலே புதையும். 28-ல கொஞ்ச தூரத்துலயே பின் சக்கரம் அச்சு வரைக்கும் தோண்டிக்கிட்டு உக்காந்துடுச்சு. 14-க்கு இறக்கினதும் மேலாக மிதந்து போச்சு, மெதுவாத் தான், ஆனா நிக்கல. மணல்ல அகல டயருக்கும் கொறைஞ்ச காத்துக்கும் நிஜமாவே வேலை இருக்கு, அங்க உராய்வை விட புதையாம இருக்கறது தான் முக்கியம். ஒரே எச்சரிக்கை, டியூப் டயர்ல காத்தை ரொம்ப இறக்கினா டயர் ரிம் மேல நழுவும். ரிம்முலயும் டயர்லயும் சேத்து சாக்பீஸ் கோடு போட்டுட்டுப் போனேன், 12-ல ஓட்டிட்டு பாத்தா கோடு ஒரு செமீ விலகி வால்வு சாஞ்சு நின்னுச்சு, இன்னும் கொஞ்சம் போனா டியூப் கழுத்து அறுந்திருக்கும். அதனால வால்வு நட்டை ரிம்மோட இறுக்காம மேல மூடிப் பக்கமா ஏத்தி விட்டுடுங்க, சாஞ்சா உடனே தெரியும்.

தேரி கதை கரிசலுக்கு உதவாது. காட்டுப் பாதையில 3.00 டயர், 20 பிஎஸ்ஐ போட்டுட்டுப் போனா முன்ன விட தூரம் போச்சு, ஆனா மறுபடியும் வழியில ஒரு ஓடைக்கிட்ட நின்னுச்சு. சரின்னு தராசை சேத்துக்கே கொண்டு போனோம், கமிஷன் கடைக்காரர் மூஞ்சியை நெனைச்சு பாலித்தீன் பை சுத்தி. இந்த தடவை ரெண்டு விதமா இழுத்தோம், வண்டி மேல ஆள் உக்காந்து. ஒண்ணு, பின் சக்கரத்தைக் கட்டிட்டு இழுத்தா சேத்துல பின் டயர் எவ்வளவு தாங்குதுன்னு தெரியும், 30-ல இருந்து 33 கிலோ. ரெண்டு, நியூட்ரல்ல சக்கரங்களை சும்மா உருள விட்டு முன்பக்கமா இழுத்தா வண்டி நகர எவ்வளவு வேணும்னு தெரியும். தார் ரோட்டுல இது 4 கிலோ கூட இல்ல. சேத்துல எடுத்த எடுப்புல 18. அப்படியே இழுத்துக்கிட்டே போக போக 22, 27, 35ன்னு ஏறி 45-ல நின்னுச்சு. குனிஞ்சு பாத்தா முன் சக்கரம் சுத்தவே இல்ல! முன் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல கரிசல் இறுகி, சக்கரம் சறுக்குக் கட்டை மாதிரி இழுபட்டுக்கிட்டு வருது.

கணக்கு அங்கயே முடிஞ்சு போச்சு. பின்னாடி கிடைக்கிறது 33, நகர வேண்டியது 45. பின் சக்கரம் சுத்தாம என்ன செய்யும்? பின் சக்கரம் சுத்துறதைப் பாத்து பின் டயரையே நோண்டிக்கிட்டு இருந்தோம், எதிரி முன்னாடி உக்காந்திருக்கான். முன் மட்கார்டு இடைவெளி அளந்தா 16 மிமீ, ஓரங்கள்ல 9 தான்.

வெல்டிங் பட்டறையில 25-க்கு 5 மிமீ பட்டையில எல் வடிவத்துல ரெண்டு அடிச்சு, ஃபோர்க்குல இருக்கற பழைய ஓட்டைக்கே வர்ற மாதிரி துளை போட்டு, மட்கார்டை 35 மிமீ மேல தூக்கினேன். அதுக்கு மேல தூக்கினா ஃபோர்க் முழுசா அமுங்கும்போது, ரெண்டு ஃபோர்க்கையும் சேக்குற கீழ் பிரிட்ஜுல இடிக்கும், மாட்டுறதுக்கு முன்னாடி முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலை ரெண்டு மூணு தரம் நல்லா அமுக்கிப் பாத்துக்கணும். பழைய 6 மிமீ போல்ட்டு நீளம் பத்தல, 20 மிமீ நீளத்துல புதுசு. கூலி, பெயிண்ட் எல்லாம் சேத்து 220. பின் மட்கார்டை தூக்க வழியில்ல, அங்க டயரை 3.00-லயே நிறுத்தினதால 24 மிமீ இடைவெளி கிடைச்சுது, அது போதும்.

அடுத்த மழைக்கு அதே பாதை, அதே ஓடை. நியூட்ரல்ல இழுத்தா 18-ல தொடங்கி 26-க்கு மேல ஏறல, மண்ணு அப்புது, ஆனா ஒரு அளவுக்கு மேல தானா கொத்துக் கொத்தா உதிர்ந்துடுது. 33-க்கும் 26-க்கும் நடுவுல இருக்கற அந்த 7 கிலோவுல தான் வண்டி ஓடுது. பெருசா ஒண்ணும் இல்ல, ஏத்தத்துல இன்னும் திணறும், ரெண்டு நாள் விடாம பெஞ்ச மழைக்கு அப்புறம் நான் போகவும் மாட்டேன். அடியில கெட்டித் தரை இருக்கற வரைக்கும் ஒல்லி டயர் மேல் பசையை அறுத்துக்கிட்டு அதைத் தொட்டுடும், அடியும் ஊறிப் போச்சுன்னா எந்த டயருக்கும் வேலை இல்ல, டிராக்டருக்கே அங்க கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) தேடணும்.

இப்போ மழைக்காலத்துல பின்னாடி 22, முன்னாடி 20, ரோட்டுல நீண்ட தூரம்னா 28-க்கு ஏத்திடுவேன், கொறைஞ்ச காத்துல வளைவுல வண்டி நெளியுது, மைலேஜும் அடி வாங்குது. திரும்ப செய்யிறதா இருந்தா 100/90-ஐயும் ரப்பர் மீட்டரையும் விட்டுட்டு முதல் நாளே தராசை சேத்துக்கு கொண்டு போயிருப்பேன், 2,250 ரூவா மிச்சம். பட்டையையும் 5 மிமீக்கு பதிலா 6 போட்டிருக்கணும், 50-க்கு மேல போனா மட்கார்டு கடகடன்னு ஆடுது. இப்போதைக்கு பழைய டியூப்ல வாஷர் வெட்டி ரெண்டு பக்கமும் குடுத்திருக்கேன், சத்தம் பாதி கொறைஞ்சிருக்கு.